மஞ்சள் கோட்டைத் தாண்டிய கதைகள்

சனிக்கிழமை விமானி:

சில வருடங்களுக்கு முன் நடந்தது. கலிஃபோர்னியாவில் டவர் (விமானங்களுக்கு அனுமதி தரும் கட்டுப்பாட்டுக் கோபுரம்) உள்ள ஒரு சின்ன விமான நிலையம், பெயர் வேண்டாம். வாரம் முழுக்க கணினி வேலை, சனிக்கிழமை காலையில் வாடகைக்கு ஒரு பழைய செஸ்னா 172, ஒற்றை எஞ்சின் சின்ன விமானம். லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த ஓடுபாதையில் எத்தனை முறை இறங்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அங்கே இணையாக இரண்டு ஓடுபாதைகள். இடதில் இறங்கினால், விமானத்தை நிறுத்தும் இடத்துக்குப் போக வலது ஓடுபாதையைக் கடந்தாக வேண்டும். இரண்டுக்கும் நடுவே இடம் கொஞ்சம்தான். ஓடுபாதைக்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடுகள் இருக்கும், நம் பக்கம் முழுக்கோடு இரண்டு, ஓடுபாதைப் பக்கம் விட்டுவிட்டுப் போட்ட கோடு இரண்டு; அனுமதி இல்லாமல் தாண்டக்கூடாது. வால் இடது ஓடுபாதையின் கோட்டை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும், மூக்கு வலது ஓடுபாதையின் கோட்டைத் தொடக்கூடாது.

இறங்கித் திரும்பியதும் டவர், "ஹோல்ட் ஷார்ட் ரன்வே டூ ஃபைவ் ரைட்" என்றது (25 வலது ஓடுபாதையின் கோட்டுக்கு முன்பே நில் என்று அர்த்தம்). என் விமான எண்ணோடு சேர்த்து ஒரு எழுத்து பிசகாமல் திருப்பிச் சொன்னேன். சொன்ன கையோடு தலையைக் குனிந்தேன். இறங்கிய பிறகு செய்யும் வழக்கமான வேலைகள்: ஃப்ளாப் (இறக்கையின் பின்பக்க மடிப்பு) மேலே, கார்ப் ஹீட் (கார்புரேட்டரைச் சூடாக்கும் குமிழ்) உள்ளே, லேண்டிங் லைட் ஆஃப். விமானம் மெதுவாக உருண்டுகொண்டிருந்தது. நின்றுவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. நான் உருண்டுகொண்டே செய்தேன்.

"ஸ்டாப்! ஸ்டாப்!" என்று காதுக்குள் கத்தல். இரண்டு காலையும் பிரேக்கில் வைத்து மிதித்தேன். பக்கத்து ஜன்னல் வழியே கீழே பார்த்தால், முழுக்கோடு இரண்டும் சக்கரத்துக்குப் பின்னால் கிடக்கின்றன, விட்டுவிட்டுப் போட்ட கோடுகள் மேல் நான் நிற்கிறேன். அடுத்த நொடி இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று எனக்கு முன்னால் தரையை விட்டு எழும்பிப் போனது. என் விமானம் ஒருமுறை குலுங்கியது.

அப்புறம் டவர் குரல் ரொம்ப மரியாதையாக மாறிவிட்டது. "பாசிபிள் பைலட் டீவியேஷன், ஒரு ஃபோன் நம்பர் தருகிறேன், எழுதிக்கொள்ளத் தயாரா?" விமானி விதி மீறியிருக்கலாம் என்று அர்த்தம். எழுதினேன். பிறகு பார்த்தால் 4-ஆ 9-ஆ என்று எனக்கே தெரியவில்லை.

திட்டு எதுவும் விழவில்லை. பத்து நாளுக்குள் நாசாவுக்கு ஒரு அறிக்கை அனுப்பினேன் (விமானிகள் தங்கள் தவறைத் தாங்களே எழுதி அனுப்புவதற்கென்று அவர்கள் நடத்தும் திட்டம்). எஃப்.ஏ.ஏ.வில் (அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு) இருந்து ஒருவர் பேசினார், பயிற்சியாளரோடு மறுபடி உட்காரச் சொன்னார். அவ்வளவுதான். ஆனால் அந்த முழுக்கோடு இரண்டும் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

தாமிரபரணி:

அண்ணா, நான் எதிர்ப்பக்கம் இருந்தவன். அரிசோனாவில் கமர்ஷியல் லைசென்ஸுக்குப் படித்தபோது மூன்றாவது சோலோ, அதாவது பயிற்சியாளர் இல்லாமல் தனியாகப் பறப்பது. இறங்க அனுமதி கிடைத்து, கிட்டத்தட்ட 300 அடி உயரத்தில் வருகிறேன். பக்கத்து ஓடுபாதையில் போய் நிற்க வேண்டிய ஒரு பைப்பர் (அதுவும் சின்ன விமானம்தான்), சாவகாசமாக என் ஓடுபாதையில் ஏறி நடுக்கோட்டில் நேராகி நின்றது. ஏறும்போது அதன் இறக்கையில் வெயில் பட்டு மின்னியது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

டவர் "கோ அரவுண்ட்" (இறங்காமல் மறுபடி மேலே ஏறு) சொல்வதற்கு முன்பே கை த்ராட்டிலை (எஞ்சின் வேகத்தைக் கூட்டும் பிடி) முழுசாகத் தள்ளிவிட்டது. அது நான் யோசித்துச் செய்ததில்லை. எங்கள் சார் ஐம்பது முறை வம்படியாகச் செய்ய வைத்திருந்தார், அதுதான்.

இறங்கி இஞ்சினை அணைத்த பிறகுதான் முழங்கால் ஆட ஆரம்பித்தது. அந்த பைப்பரின் விமானி, அறுபது வயது இருக்கும், விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டு என்னைத் தேடி வந்தார். கையில் தண்ணீர் பாட்டில். ஸாரி என்று ஒரே வார்த்தை. முப்பது வருடமாகப் பறக்கிறாராம்.

ஜன்னலோரம்:

நான் பைலட் இல்லை, பயணி மட்டும்தான். ஒரு சந்தேகம். டவர் மேலே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது? முன்கூட்டியே நிறுத்தக்கூடாதா?

வலது சீட்:

பார்க்கிறார்கள், ஆனால் டவரில் இருப்பவர்களுக்கும் கண் இரண்டுதான். 2001 அக்டோபர் 8, இத்தாலியில் மிலான் நகரின் லினாத்தே விமான நிலையம். காலைப் பனிமூட்டம். சிட்டேஷன் என்ற சின்ன ஜெட்டை R5 டாக்ஸிவேயில் (ஓடுபாதைக்குப் போகவர உள்ள தரைவழி) போகச் சொன்னார்கள், அது R6-இல் திரும்பியது. தரை ரேடார் வேலை செய்யவில்லை. R6 நேரே ஓடுபாதையில் கொண்டுபோய் விடும். அங்கே கிளம்பிக்கொண்டிருந்த எஸ்.ஏ.எஸ். நிறுவனப் பயணிகள் விமானம் மோதி 118 பேர் போய்விட்டார்கள்.

மூடுபனி இல்லாவிட்டாலும் நடக்கும். 1994 நவம்பர் 22 இரவு, அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ். செஸ்னா 441 என்ற சின்ன விமானத்தை 31-ஆம் ஓடுபாதைக்குப் போகச் சொன்னார்கள். அந்த விமானி போய் நின்றது 30 வலதில். வந்து இறங்கியபோது அவருக்குக் கிடைத்தது அதே 30 வலது, மனசில் அதுவே தங்கிவிட்டது. புறப்பட்டு ஓடி வந்த டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் எம்.டி-82 பயணிகள் விமானம் மோதியது. செஸ்னாவில் இருந்த இருவரும் இறந்தார்கள்.

நான் சொல்லிக்கொடுப்பவன், அதனால் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். சனிக்கிழமை விமானி, ரீட்பேக் (டவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது) சரியாகச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல். சொல்லி முடித்ததும் வேலை முடிந்துவிட்டது என்று மனசு கையெழுத்துப் போட்டுவிடுகிறது. தாமிரபரணி சொன்ன பெரியவருக்கும் அதுதான் நடந்திருக்கும், ஓடுபாதை எண்ணைச் சரியாகத்தான் சொல்லியிருப்பார். கோட்டைத் தாண்டி மூக்கை நீட்டினாலே அது ரன்வே இன்கர்ஷன்தான் (ஓடுபாதைக்குள் அனுமதியில்லாமல் நுழைவது), எதிரில் விமானம் வர வேண்டும் என்பதுகூட இல்லை.

2010 ஜூன் வரை அமெரிக்காவில் "இந்த ஓடுபாதைக்கு டாக்ஸி போ" (தரையில் உருண்டு போ) என்றால் வழியில் உள்ள மற்ற ஓடுபாதைகளைக் கடக்கவும் அதிலேயே அனுமதி உண்டு. இப்போது ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சொன்னால்தான் கடக்கலாம். பழைய ஆட்களுக்கு இந்தப் பழக்கம் மாறவே வருடக்கணக்காயிற்று, எனக்கும் சேர்த்துத்தான்.

என் மாணவர்களிடம் ஹோல்ட் ஷார்ட் வந்தால் அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வட்டம் போடச் சொல்வேன். விமானம் முழுசாக நிற்கும்வரை வலது கை த்ராட்டிலை விட்டு ஃப்ளாப் பக்கம் போகக்கூடாது. போனால் தட்டிவிடுவேன். நிஜமாகவே தட்டுவேன்.

சனிக்கிழமை விமானி:

சார், என் பயிற்சியாளரும் கையைத் தட்டத்தான் செய்தார். இப்போது என் மனைவி கூட வந்தால் அவளுக்கு ஒரே வேலைதான்: மஞ்சள் கோடு தெரிந்ததும் "கோடு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் "பார்த்துட்டேன்" என்று சொல்லி நிறுத்தினால்தான் விடுவாள். பழகிவிட்டது. போன வாரம் காரில் ஸ்டாப் போர்டுக்கு முன்னாலும் சொன்னாள். நானும் பார்த்துட்டேன் என்றேன். பின் சீட்டில் இருந்த பையன், "பார்த்தா போதாதுப்பா, நிறுத்து" என்றான்.