12 வோல்ட் டோர் ஸ்ட்ரைக்: 'டக்' சத்தம் வருகிறது, கதவு திறக்கவில்லை

அம்பத்தூர்வாசி
முதல் மாடி அலுவலகக் கதவுக்கு எலக்ட்ரிக் ஸ்ட்ரைக் (நிலையில் பதித்து, கரண்ட் கொடுத்தால் கதவு லாக்கின் நாக்கை விடுவிக்கும் பகுதி) போட்டிருக்கிறோம். தேக்கு நிலை, ஃபிளஷ் கதவு, உள்பக்கமாகத் திறக்கும். கதவில் குமிழ் வைத்த சிலிண்ட்ரிகல் லாக். வெளிக்குமிழ் எப்போதும் பூட்டியே இருக்கும், சாவி போட்டால்தான் திரும்பும். உள்ளே குமிழைத் திருகினால் திறந்துவிடும். ஸ்ட்ரைக் 12 வோல்ட் டிசி, 450 மில்லி ஆம்பியர், ஃபெயில்-செக்யூர் (கரண்ட் போனால் பூட்டியே இருக்கும் வகை). வெளிச்சுவரில் தனித்து இயங்கும் கீபேட் (ரகசிய எண், அதாவது கோடு, அடிக்கும் பலகை). 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் யுபிஎஸ் பக்கத்தில் இருக்கிறது, அங்கிருந்து கதவு 25 மீட்டர். மீதமிருந்த கேட்5ஈ (எட்டுக் கம்பி நெட்வொர்க்) கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி வழியாகத்தான் கீபேடுக்கும் ஸ்ட்ரைக்குக்கும் சப்ளை போகிறது.

மேசை மேல் வைத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக வேலை செய்தது. நிலையில் பொருத்தியபின், கோடு அடித்தால் 'டக்' என்று கேட்கிறது, கதவு திறப்பதில்லை. வெளியே நின்று கதவை நம் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு கோடு அடித்தால் திறக்கிறது. சில சமயம் கோடு அடித்தவுடனே கீபேட் அணைந்து மறுபடி உயிர் பெறுகிறது. மழை நாளில் இன்னும் மோசம். ஸ்ட்ரைக்கை மாற்றிவிடலாமா?

உளி
மாத்தாதீங்க சார். இழுத்துப் பிடிச்சா திறக்குதுன்னா ஸ்ட்ரைக் நல்லாத்தான் இருக்கு. லாக் நாக்கு அதை நெருக்கிக்கிட்டு நிக்குது.

உங்க கதவு உள்ளே திறக்குறது. அப்போ நிலையோட படி (கதவு வந்து முட்டி நிக்கிற விளிம்பு) வெளிப்பக்கம் இருக்கும். அந்தப் படியில சத்தம் வராம இருக்க ரப்பரோ பஞ்சு டேப்போ ஒட்டியிருப்பாங்க. கதவைச் சாத்தினதும் ரப்பர் அமுங்கி, கதவை உள்பக்கமா தள்ளிக்கிட்டே இருக்கும். அந்தத் தள்ளல் முழுக்க நாக்கு வழியா ஸ்ட்ரைக்கோட மடங்குற தகட்டு மேல விழும். உள்ளே இருக்குற காயில் (கம்பிச் சுருள்) சின்னது, அவ்வளவு அழுத்தத்துல பூட்டை விடுவிக்கிற தெம்பு அதுக்குக் கிடையாது. வர்றவங்க கதவைத் தள்ளிக்கிட்டே கோடு அடிச்சா இன்னும் மோசம். டோர் க்ளோசர் மேல பழி போடாதீங்க, அது கதவைப் படியோட சேர்த்துத்தான் அழுத்துது, அதனால உதவிதான் பண்ணுது.

முதல்ல ரப்பரைப் பிச்சுட்டுச் சோதிங்க. சரியாயிட்டா, அதைவிட மெல்லிசான ரப்பர் போதும். கதவு படியில முழுசா உட்கார்ந்த நிலையில, நாக்கோட தட்டையான முகத்துக்கும் தகட்டுக்கும் நடுவுல ஒண்ணரை மி.மீ. ஆட்டம் இருக்கணும். கதவைப் பிடிச்சு லேசா ஆட்டினா 'கட கட'ன்னு தெரியும், அதுதான் சரியான அளவு. ஆட்டமே இல்லன்னா ஸ்ட்ரைக்கை அறைப்பக்கமா ஒரு மி.மீ., ஒண்ணரை மி.மீ. நகர்த்தணும். சில மாடல்ல தகட்டை மட்டும் நகர்த்த ஒரு திருகு இருக்கும், முதல்ல அதைத் தேடுங்க. அரம் போட்டுத் தகட்டைத் தேய்க்காதீங்க. முலாம் போயி துரு பிடிக்கும், பிடிமானமும் குறையும்.

எங்கே இடிக்குதுன்னு பார்க்க, குங்குமத்தை எண்ணெயில குழைச்சு நாக்கு மேல தடவிச் சாத்துங்க. ஸ்ட்ரைக்குல தடம் தெளிவா விழும். தடம் தகட்டோட கீழ் ஓரத்துல விழுந்தா கதவு தொங்குதுன்னு அர்த்தம். மேல் கீல் திருகுகளை முதல்ல இறுக்குங்க, ஓட்டை பெருசாயிருந்தா நீளத் திருகு போடுங்க. நாக்கோட நுனி மட்டும் பள்ளத்து அடியில இடிச்சா, கதவுக்கும் நிலைக்கும் இடைவெளி போதலை. 3 மி.மீ. வேணும். மழையில மோசம்னு சொல்றீங்களே, அதுவும் இதோட சேர்த்திதான். ஃபிளஷ் கதவோட மேல், கீழ் விளிம்புல பெயிண்ட் அடிக்காம விட்டிருப்பாங்க, ஈரம் அங்கேதான் ஏறும். இப்போ இழைக்காதீங்க. காய்ஞ்சதும் இழைச்சு, நாலு விளிம்புக்கும் வார்னிஷ் அடிச்சிடுங்க. ஐப்பசியில இழைச்சா பங்குனியில விரல் நுழையுற சந்து இருக்கும்.

மல்டிமீட்டர்
மரவேலைப் பக்கம் உளி சொன்னது சரி. ஆனால் கீபேட் அணைந்து எழுவது அதனால் அல்ல, அது மின்சாரப் பிரச்சினை. இரண்டும் ஒன்றாக வந்திருப்பதால் குழப்புகிறது.

மூன்று அளவு எடுத்துப் போடுங்கள். அடாப்டர் முனையில் வோல்டேஜ். கதவருகே, ஸ்ட்ரைக் சும்மா இருக்கும்போது கீபேடின் சப்ளை முனையில் வோல்டேஜ். கோடு அடித்து ஸ்ட்ரைக் இயங்கும் அந்த நொடிகளில் ஸ்ட்ரைக்கின் இரு முனைகளுக்கு நடுவே வோல்டேஜ். கடைசி அளவுதான் முக்கியம். பலர் சுமை இல்லாமல் அளந்து '12 வருதே' என்று திருப்தியாகிவிடுகிறார்கள். கரண்ட் ஓடாத கம்பியில் வோல்டேஜ் குறையாது, அந்த அளவு எதையும் சொல்லாது.

கூடவே ஸ்ட்ரைக்கைக் கழற்றி ஓம் அளந்து பாருங்கள். 450 மில்லி ஆம்பியர் என்றால் 27 ஓம் அருகில் காட்ட வேண்டும். திறந்த சுற்று காட்டினால் காயில் போய்விட்டது. ஐந்துக்குக் கீழே என்றால் காயில் உள்ளே சேர்ந்துவிட்டது, அல்லது அதன் முனையில் யாரோ போட்ட டயோடு (ஒரு திசையில் மட்டும் கரண்ட் விடும் பாகம்) கெட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது. அப்படியானால் கோடு அடித்ததும் அடாப்டர் விளக்கு மினுக்கும்.

இன்னொன்று: 'டக்' சத்தம் எங்கிருந்து? கீபேட் உள்ளே இருக்கும் ரிலேயும் (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) அதே போலத்தான் சத்தம் போடும். நிலையில் காதை வைத்துக் கேளுங்கள்.

அம்பத்தூர்வாசி
நன்றி உளி அண்ணா, படியில் 6 மி.மீ. பஞ்சு டேப் இருந்தது. எடுத்ததும் பத்துக்கு எட்டு முறை திறக்கிறது.

அளவுகள்: அடாப்டர் முனை 12.2. கதவருகே சும்மா இருக்கும்போது 11.8. ஸ்ட்ரைக் இயங்கும்போது 9.5. காயில் 27 ஓம். சத்தம் இரண்டிலிருந்தும் வருகிறது. கீபேட் பெரும்பாலும் கோடு அடித்த உடனே அணைகிறது. எப்போதாவது 5 நொடி முடிந்து ஸ்ட்ரைக் விடும்போதும் அணைகிறது.

மல்டிமீட்டர்
விடை அந்த 9.5-ல் இருக்கிறது. 12 வோல்ட் ஸ்ட்ரைக்குகளுக்குப் பொதுவாகப் பத்து சதவீதம் வரை குறையலாம், அதாவது 10.8. நீங்கள் அதற்கும் கீழே இருக்கிறீர்கள். மீதி இரண்டு முறை திறக்காதது இதனால்தான்.

கணக்கைப் பாருங்கள். கேட்5ஈ-யில் வரும் 24 கேஜ் செம்புக் கம்பி கிலோமீட்டருக்குச் சுமார் 84 ஓம். 25 மீட்டர் போய்த் திரும்ப 50 மீட்டர், ஆக 4.2 ஓம். செம்பாக இருந்திருந்தால் 10.3 அளவுக்காவது வந்திருக்கும். 9.5 என்றால் கம்பியில் ஆறு ஓமுக்கு மேல் இருக்கிறது. இணைப்புகள் நன்றாக இருந்தால், அது செம்பு பூசிய அலுமினியக் கேபிள். கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் அதேதான்.

நிரந்தரத் தீர்வு: ஸ்ட்ரைக்குக்கு 0.75 சதுர மி.மீ. இரட்டைச் செம்புக் கம்பி. 50 மீட்டருக்கு 1.3 ஓம்தான், ஸ்ட்ரைக்கில் 11.5-க்கு மேல் நிற்கும். புதுக் கம்பி இழுக்கும் வரை, அதே கேபிளின் எட்டுக் கம்பிகளையும் பயன்படுத்துங்கள்: முழு நிறம் நான்கையும் சேர்த்து பிளஸ், வெள்ளைக்கோடு நான்கையும் சேர்த்து மைனஸ். தடை நான்கில் ஒன்றாகும். அடாப்டரின் 2 ஆம்பியர் தாராளம், அதை மாற்றி 5 ஆம்பியர் வாங்குவதால் ஒரு பயனும் இல்லை. கடைக்காரர் முதலில் அதைத்தான் நீட்டுவார்.

கீபேட் எப்போது அணைகிறது என்று நேரம் சொன்னது நல்லது. இழுக்கும்போது அணைந்தால் வோல்டேஜ் சரிவு. விடும்போது அணைந்தால் காயிலின் எதிர் உதை: கரண்ட் திடீரென நிற்கும்போது காயில் பெரிய வோல்டேஜைத் திருப்பி அடிக்கும். உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. 1என்4007 டயோடு ஒன்று, ஸ்ட்ரைக்கின் முனைகளிலேயே போடுங்கள், வெள்ளிக்கோடு பிளஸ் பக்கம். கீபேட் முனையில் போட்டால் இடையில் உள்ள கம்பி முழுக்க அந்த உதை ஓடும். டயோடு இல்லாமல் விட்டால் ரிலேயின் முனைகள் பொறி தட்டித் தட்டி ஒருநாள் ஒட்டிக்கொள்ளும், அன்று ஸ்ட்ரைக் விடாமல் திறந்தே நிற்கும். ஏசியில் இயங்கும் ஸ்ட்ரைக்குக்கு டயோடு கூடாது, அங்கே வேரிஸ்டர் (இரு திசையிலும் வோல்டேஜ் எகிறாமல் தடுக்கும் பாகம்) தான்.

வயரிங்: அடாப்டர் பிளஸ் ரிலேயின் காமுக்கு (பொது முனை), என்.ஓ. முனையிலிருந்து (ரிலே இயங்கும்போது மட்டும் காமோடு சேரும் முனை) ஸ்ட்ரைக் பிளஸுக்கு, ஸ்ட்ரைக் மைனஸ் நேராக அடாப்டர் மைனஸுக்கு. புதுக் கம்பி இழுக்கும்போது கீபேடுக்கான சப்ளையைப் பழைய ஜோடியிலேயே விட்டுவிடுங்கள். இரண்டும் அடாப்டரில் மட்டும் சேரட்டும், கதவருகே சேர வேண்டாம்.

கேட்டுக்காவல்
ஃபெயில்-செக்யூர் வாங்கியதே தவறு. தீப்பிடித்து கரண்ட் போனால் உள்ளே இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஃபெயில்-சேஃப் (கரண்ட் போனால் திறந்துவிடும் வகை) தான் போட வேண்டும்.

பூட்டும் சாவியும்
இல்லை. காந்தப் பூட்டுக்குச் சொல்வதை ஸ்ட்ரைக்குக்குச் சொல்கிறீர்கள். காந்தப் பூட்டு கரண்ட் இருக்கும்வரை இரு பக்கமும் பிடிக்கும், அதனால் அது கட்டாயம் விட வேண்டும். ஸ்ட்ரைக் இருந்தாலும் உள்குமிழைத் திருகினால் நாக்கு உள்ளே போய்விடும். கரண்ட் இருக்கிறதா, கோடு சரியா என்பதே அங்கே பேச்சில்லை. கரண்ட் போனால் வெளியிலிருந்து வருபவருக்குத்தான் பூட்டு, அவருக்குச் சாவி இருக்கிறது. மாடிப்படித் தீத்தடுப்புக் கதவில் ஃபெயில்-சேஃப் ஸ்ட்ரைக் போடுவது இன்னும் ஆபத்து. தீயின்போது கரண்ட் போனதும் நாக்கின் பிடி விட்டு, கதவு சாத்தி நிற்காமல் புகையை உள்ளே விடும்.

அம்பத்தூர்வாசி கவனிக்க இரண்டு. உங்கள் லாக்கில் பெரிய நாக்குக்குப் பக்கத்தில் மெல்லிய துணை நாக்கு ஒன்று இருக்கும். கதவு சாத்தியிருக்கும்போது அது ஸ்ட்ரைக்கின் முகத்தகட்டில் அமுங்கி நிற்க வேண்டும். அதுவும் பள்ளத்துக்குள் விழுந்தால், பிளாஸ்டிக் அட்டை ஒன்றைச் செருகியே பெரிய நாக்கைத் தள்ளிவிடலாம், கோடே தேவையில்லை.

இரண்டாவது, கீபேட் வெளியே இருக்கிறது, ரிலேயும் அதற்குள்ளேயே. சுவரிலிருந்து கீபேடைக் கழற்றி, காமையும் என்.ஓ.வையும் ஒரு துண்டுக் கம்பியால் தொட்டால் கதவு திறந்துவிடும். பணப்பெட்டி இருக்கும் அலுவலகமென்றால் கன்ட்ரோலரை உள்ளே வைத்து, வெளியே வீகண்ட் ரீடர் (கோடை உள்ளே அனுப்புவது, கதவைத் திறக்கும் ரிலே அதில் இருக்காது) மட்டும் வையுங்கள்.

மாடிவீடு
இடையில் புகுந்து கேட்கிறேன். வீட்டு முன்கதவுக்கு வீடியோ டோர்போனோடு இதே ஸ்ட்ரைக் போட ஆசை. கதவில் மார்டைஸ் லாக் (கதவின் விளிம்புக்குள் பதித்தது), இரு பக்கமும் கைப்பிடி. நிலையில் என்ன அளவு வெட்ட வேண்டும்?

பூட்டும் சாவியும்
வெட்டுவதற்கு முன்னால் வெளிக்கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். நாக்கு உள்ளே போகிறதா? போனால் ஸ்ட்ரைக் போட்டும் பயனில்லை, யாரும் அழுத்தித் திறந்துவிடுவார்கள். வெளியே திரும்பாத கைப்பிடி மாற்ற வேண்டும், ஆனால் சாவியால் நாக்கை இழுக்க முடியும் லாக்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் கரண்ட் போன இரவு நீங்களே வெளியே நிற்பீர்கள். மார்டைஸில் கீழே சாவியால் நீளும் போல்ட்டும் உண்டு, ஸ்ட்ரைக் நாக்கை மட்டும்தான் விடும். இரவு அந்த போல்ட்டைப் போட்டால் காலையில் டோர்போன் பட்டன் வேலை செய்யாது, அது பழுதல்ல. போல்ட்டுக்கான ஓட்டையை ஸ்ட்ரைக்கின் உடல் அடைக்காத மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

டோர்போனிலிருந்து நேராக ஸ்ட்ரைக்குக்கு எடுக்கலாமா என்பது அதன் லாக் முனை எத்தனை மில்லி ஆம்பியர் தரும் என்பதைப் பொறுத்தது. அட்டையில் போட்டிருப்பது ஸ்ட்ரைக்கின் தேவையைவிடக் குறைவென்றால், அதை வைத்து ஒரு ரிலேயை மட்டும் இயக்கி, ஸ்ட்ரைக்குக்குத் தனி அடாப்டர் கொடுங்கள். திறக்கும் நேரம் 3 முதல் 5 நொடி போதும். தொடர்ந்து கரண்ட் தாங்காத காயிலை நிமிடக்கணக்கில் பிடித்து வைத்தால் கருகும்.

உளி
வெட்டுற அளவு ஸ்ட்ரைக்குக்கு ஸ்ட்ரைக் மாறும், பெட்டியில வர்ற அட்டை அச்சை வெச்சுத்தான் வெட்டணும். நாக்கோட நடுக்கோட்டை நிலையில மாஸ்கிங் டேப் ஒட்டி அதுமேல குறிங்க, கதவைச் சாத்தி வெச்சுக் குறிக்கணும், திறந்து வெச்சு டேப்பால அளந்தா ரெண்டு மி.மீ. தப்பும். தகடு மடங்கித் திறக்குற பக்கம் நிலையோட ஓரம் வரைக்கும் மரத்தை எடுத்தே ஆகணும், பலர் பள்ளம் மட்டும் தோண்டிட்டு இதை விட்டுடுறாங்க, அப்புறம் நாக்கு வெளியே வர வழியிருக்காது. டிரில் போடுறதுக்கு முன்னால நிலைக்குப் பின்னால ஹோல்டுஃபாஸ்ட் (நிலையைச் சுவரோட பிடிக்கிற இரும்புப் பட்டை) எங்கே இருக்குன்னு காந்தம் வெச்சுப் பாருங்க, லாக் உயரத்துல ஒண்ணு இருக்கிறது சகஜம். கூட வர்ற முக்கால் இஞ்ச் திருகை ஒதுக்கிட்டு ஒண்ணரை இஞ்ச் போடுங்க. தேக்குன்னா முதல்ல 2.5 மி.மீ. ஓட்டை, இல்லன்னா திருகுத் தலை முறிஞ்சு உள்ளேயே நிக்கும். வெளிப்பக்கமா திறக்குற கதவுன்னா சொல்லுங்க, அந்த வெட்டு தெருவைப் பார்த்து இருக்கும், அதுக்கு நாக்கை மறைக்க ஒரு இரும்புப் பட்டை தனியா அடிக்கணும்.