பழைய ராலே சைக்கிள்: காட்டர் பின் கழலவில்லை

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் வாங்கிய ராலே, கம்பி பிரேக், 28 அங்குலச் சக்கரம். கிராங்கை (பெடல் தண்டை) அச்சோடு பிடிக்கும் காட்டர் பின் இரண்டும் துருவேறி இறுகிவிட்டன. டயரும் மாற்றணும். எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1: நட்டை முழுசா கழற்றாதீங்க. பின் நுனிக்குச் சமமா நிற்கட்டும், மரை நசுங்காது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்க. கிராங்குக்கு அடியில், பின்னின் தலை உள்ளே போகுற மாதிரி ஓர் இரும்புக் குழாயை நிறுத்தி, மறுமுனை சிமென்ட் தரையில் இருக்கணும். பிறகு ஒரு கிலோ சுத்தியலால் ஒரே பலமான அடி. முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடி கப்பில் (அச்சைத் தாங்கும் கிண்ணத்தில்) இறங்கி, பால்ரஸ் (இரும்புக் குண்டுகள்) ஓடும் பாதை குழியாகிவிடும். தட்டித் தட்டிப் பார்ப்பது இன்னும் மோசம்; பின்னின் நுனிதான் பூப்பூவாய் விரியும்.

பதில் 2: அண்ணன் சொன்னது சரி. புதுப் பின் 9.5 மி.மீ. கேளுங்க, 9 மி.மீ. ஆடும். இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் போகணும், இல்லையென்றால் பெடல் நேர்க்கோட்டில் நிற்காது. 50 கி.மீ. ஓட்டியதும் நட்டை மறுபடி இறுக்குங்க. கப்புக்குள்ளே பக்கத்துக்கு 11 பால்ரஸ், ஒவ்வொன்றும் கால் அங்குலம். வலப்பக்கக் கப் இடமரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழலும். தேயவில்லையென்றால் கழற்றாமலே துடைத்து கிரீஸ் வையுங்க.

பதில் 3: டயரில் ஏமாறாதீங்க! கம்பி பிரேக் ராலேக்கு 28 × 1 1/2, அதாவது டயர் ரிம்மில் உட்காரும் விட்டம் 635 மி.மீ. கடையில் 28 என்று தருவது பெரும்பாலும் 622, ரிம்மில் உட்காராது.