குரோனஸ் பிள்ளைகளை விழுங்கும் படத்தை 7 வயதுக் குழந்தைக்குக் காட்டலாமா?

மலர்விழி: மகளுக்குக் கிரேக்கப் புராணக் கதைகளைப் படங்களோடு சொல்லும் புத்தகம் வாங்கப் பார்க்கிறேன். ஒன்றில், தேவர்களின் அரசன் சியூஸின் தகப்பனான குரோனஸ் தன் ஐந்து பிள்ளைகளை விழுங்குவது முழுப்பக்கப் படமாக இருக்கிறது. இன்னொன்றில் பிள்ளைகளைச் சிறையில் அடைத்ததாக மாற்றியிருக்கிறார்கள். எதை வாங்கலாம்?

கதிரவன்: இரண்டுமே இப்போது வேண்டாம், 12 வயதாகட்டும். 'குடியரசு' நூலில் கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ இந்தக் குரோனஸ் கதையையே எடுத்துப் பேசுகிறார். உட்பொருள் எது, நேர்ப்பொருள் எது என்று சிறுபிள்ளைகளுக்குப் பிரிக்கத் தெரியாது, அந்த வயதில் பதிந்தது எளிதில் அழியாது என்கிறார். கேட்ட கதையே அப்படியென்றால் பார்த்த படம்?

நூலகத் தேவி: அவர் அப்படி எழுத வேண்டி வந்ததே, அன்றைய தாய்மாரும் செவிலியரும் பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லிக்கொண்டிருந்ததால்தானே? படமும் புதிதில்லை. கிரேக்கத்தின் எலியூசிஸ் அருங்காட்சியகத்தில் கி.மு. 7ஆம் நூற்றாண்டு ஜாடி ஒன்று இருக்கிறது. அதன் கழுத்தில் ஒடிசியஸ் ஒற்றைக்கண் அரக்கனின் கண்ணைக் குத்துகிறான். கீழே பாம்புக் கூந்தல் அரக்கி மெடூசா தலையற்றுக் கிடக்க, அவள் சகோதரிகள் அவளைக் கொன்ற பெர்சியஸைத் துரத்துகிறார்கள். ஒரு சிறுவனை அதில் வைத்துத்தான் அடக்கம் செய்தார்கள்.

கதிரவன்: அது இறந்த பிள்ளைக்குப் பெரியவர்கள் தேர்ந்தெடுத்தது. தூங்கும் முன் படிக்கும் புத்தகத்துக்கு அது சான்றாகாது. என் பெரிய கவலை பெர்செஃபனி கதைதான். பாதாள உலகின் அரசன் ஹேடிஸ் அவளைத் தூக்கிப்போகிறான், தகப்பன் சியூஸே அதற்குச் சம்மதித்திருக்கிறார். பூக்களும் கறுப்புக் குதிரைகளுமாக அழகாக வரைந்துவிட்டால் கடத்தல் கல்யாண ஊர்வலம் மாதிரி ஆகிவிடும்.

நூலகத் தேவி: அதில் உங்கள் கவலை நியாயம். அதனால்தான் யார் பக்கமிருந்து வரைந்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறேன். ஹோமரின் பெயரில் வழங்கும் பழைய துதிப்பாடலில் தாய் டிமீட்டர் ஒன்பது நாள் உண்ணாமல் தீப்பந்தம் ஏந்தித் தேடுகிறாள், பிறகு பூமியில் விதை முளைக்காமல் செய்கிறாள். அந்தத் தாயைப் பெரிதாக வரைந்த புத்தகம் நல்ல புத்தகம்.

குரோனஸ் விஷயத்தில் மட்டும் நான் மாறமாட்டேன். தாய் ரேயா ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கொடுத்து ஏமாற்றுகிறாள், குழந்தை சியூஸ் தப்புகிறான், கடைசியில் ஐவரும் உயிரோடு வெளியே வருகிறார்கள். சிறை என்று மாற்றினால் அந்தக் கல்லுக்கு வேலையே இல்லை. பயத்தை எடுக்கப் போய்த் தாயின் சாமர்த்தியத்தையும் எடுத்துவிட்டார்கள்.

இளங்கோ: மாற்றுவதே தப்பு என்றும் சொல்ல முடியாது. தொட்டதெல்லாம் பொன்னாகும் வரம் பெற்ற மைதாஸின் மகள் பொற்சிலையாவது ரோமானியக் கவிஞர் ஓவிடிடம் இல்லை. 1850களில் குழந்தைகளுக்காக எழுதிய அமெரிக்க எழுத்தாளர் நதானியேல் ஹாதோர்ன் சேர்த்தது. பேராசை என்ன செய்யும் என்று குழந்தைக்கு அந்த இடத்தில்தான் உறைக்கிறது. ஆனால் அவரே பெர்செஃபனியைச் சிறுமியாக்கி, மாளிகைக்குக் கலகலப்பு வேண்டி ஹேடிஸ் கொண்டுபோனதாகவும் எழுதினார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மலர்விழி: சரி, கல் இருக்கும் புத்தகத்தையே வாங்குகிறேன், பெர்செஃபனி பக்கத்தை முதலில் பார்த்துவிட்டு. கதிரவன், மெடூசாவை என்ன செய்வது?

கதிரவன்: நான் இன்னும் காத்திருக்கத்தான் சொல்வேன். வாங்குவதானால், பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் சொல்வதுபோல அவள் கோர்கன் என்ற அரக்கியாகவே பிறந்தவள் என்ற கதை போதும். கோயிலுக்குள் கடல்தேவன் அவளைப் பலவந்தம் செய்ய, தண்டனை அவளுக்கே கிடைத்தது என்ற ஓவிட் கதையைப் பெரியவளானதும் நீங்களே கூட உட்கார்ந்து படியுங்கள்.