வீட்டுக்குள்ளேயே இரண்டு கணினி, எஸ்எஃப்டிபி மட்டும் இணைய மறுக்கிறது

மொட்டைமாடி:
பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு 24.04 போட்டு ஹாலில் ரூட்டரோடு கேபிளில் இணைத்து வைத்திருக்கிறேன். லேப்டாப்பில் விண்டோஸ் 11. அதிலுள்ள போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்து 200 ஜிபி இருக்கும், டெஸ்க்டாப்புக்கு மாற்ற வேண்டும். எஸ்எஃப்டிபி (நெட்வொர்க் வழியே பாதுகாப்பாகக் கோப்பு அனுப்பும் முறை) மூலம் அனுப்பலாம் என்று, கோப்பு அனுப்பும் மென்பொருளான பைல்ஜில்லாவில் 192.168.1.12 என்று டெஸ்க்டாப்பின் ஐபி கொடுத்து உபுண்டு பயனர் பெயர், பாஸ்வேர்டு போட்டால் உடனே ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்கிறது. பிங் (அந்தக் கணினி பதில் தருகிறதா என்ற சோதனை) போகிறது. விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்தும் பார்த்தாயிற்று, அதே கதை. பென்டிரைவில் போடு என்று மட்டும் சொல்லாதீர்கள், மாதாமாதம் செய்ய வேண்டிய வேலை இது.

கறுப்புத்திரை:
முதலில் அந்த ஃபயர்வாலைத் திரும்பப் போடுங்கள் நண்பரே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ரெஃப்யூஸ்டு என்று சட்டென வந்தால் நீங்கள் அனுப்பியது டெஸ்க்டாப் வரை போய்ச் சேர்ந்துவிட்டது, அந்த போர்ட்டில் (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்) பதில் சொல்ல அங்கே ஒரு ப்ரோகிராமும் இல்லை என்று பொருள். உபுண்டு டெஸ்க்டாப் பதிப்பில் எஸ்எஸ்எச் (இன்னொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) க்ளையன்ட், அதாவது வெளியே போய் இணையும் பகுதி மட்டும்தான் கூடவே வரும், இணைப்பை ஏற்கும் சர்வரை நாம்தான் நிறுவ வேண்டும். ஓபன்எஸ்எஸ்எச் சர்வர் பேக்கேஜை உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் ஆப்ட் வழியாகப் போடுங்கள். எஸ்எஃப்டிபிக்குத் தனியாக எதுவும் வேண்டாம், அதற்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்று, பைல்ஜில்லாவின் மேல்பட்டையில் போர்ட் கட்டத்தைக் காலியாக விட்டால் அது சாதாரண எஃப்டிபி என்று எடுத்துக்கொண்டு 21இல் போய்த் தட்டும். 22 என்று போடுங்கள்.

கேபிள்காரன்:
அப்படியே ரூட்டரிலும் 22ஐத் திறந்துவிட்டால் வெளியூரிலிருந்தும் எடுக்கலாமே?

கறுப்புத்திரை:
வேண்டவே வேண்டாம். திறந்த கொஞ்ச நேரத்திலேயே எங்கிருந்தோ பாட்கள் (தானியங்கி ப்ரோகிராம்கள்) வந்து பாஸ்வேர்டு போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடும், லாகைத் திறந்து பார்த்தால் தெரியும். தவிர, ரூட்டரின் வான் ஐபி (இணையப் பக்கம் அதற்குக் கிடைத்த முகவரி) 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்கு (இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறீர்கள், திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. வெளியிலிருந்து வேண்டுமென்றால் டெயில்ஸ்கேல் மாதிரி உங்கள் கருவிகளை மட்டும் தனியாக இணைக்கும் விபிஎன் ஏதாவது போடுங்கள்.

மொட்டைமாடி:
சர்வர் போட்டதும் இணைந்துவிட்டது, நன்றி! ஆனால் இரவு படுக்கையறையில் உட்கார்ந்து முயன்றால் வெகுநேரம் சுற்றிவிட்டு ‘டைம்டு அவுட்’ என்கிறது. இப்போது பிங்கும் இல்லை. டெஸ்க்டாப் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சிவப்புத்தொப்பி:
டைம்டு அவுட் வேறு வியாதி. பதிலே வரவில்லை, அதாவது வழியில் எதுவோ விழுங்குகிறது அல்லது அந்த முகவரியில் ஆளே இல்லை. டெஸ்க்டாப்பில் இப்போதைய ஐபி என்ன என்று பாருங்கள், ரூட்டர் வேறு எண் கொடுத்திருக்கலாம். மாறியிருந்தால் ரூட்டரில் ஐபி ஒதுக்கும் டிஹெச்சிபி பக்கத்தில் அந்த எண்ணை டெஸ்க்டாப்புக்கே ஒதுக்கிவிடுங்கள். மாறவில்லை என்றால் லேப்டாப்பின் ஐபியைப் பாருங்கள். அதுவும் 192.168.1 என்றுதானே தொடங்குகிறது? விருந்தினருக்கென்று தனியாக இருக்கும் கெஸ்ட் வைஃபையில் இருந்தால் நெட் ஜோராக வரும், வீட்டிலுள்ள மற்ற கருவிகள் மட்டும் கண்ணுக்கே தெரியாது. உபுண்டுவின் ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூவை யாராவது ஆன் செய்து எஸ்எஸ்எச்சை அனுமதிக்காமல் விட்டாலும் டைம்டு அவுட்தான், ஆனால் அது வழக்கமாகப் பிங்கை விட்டுவிடும், இங்கே பிங்கும் போகவில்லை என்பதால் எனக்கு அதன்மேல் சந்தேகம் குறைவு.

மொட்டைமாடி:
கெஸ்ட் வைஃபையேதான்! லேப்டாப் 192.168.50 என்று காட்டுகிறது, அந்த அறையில் அந்த சிக்னல் பலமாக இருப்பதால் தானாகவே தாவியிருக்கிறது. மாற்றியதும் சரியாகிவிட்டது. ஆனால் போட்டோக்கள் ஊர்ந்து போகின்றன, பெரிய வீடியோ மட்டும் வேகமாகப் போகிறது, இது ஏன்?

சிவப்புத்தொப்பி:
லேப்டாப்பில் அந்த கெஸ்ட் பெயருக்குத் தானாக இணைவதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நாளைக்கும் தாவும்.

வேகத்துக்கு வருவோம். சின்னக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் திறப்பது, மூடுவது, நேரம் குறிப்பது என்று தனித்தனியாகப் பேச்சு நடக்கிறது, அதில்தான் நேரம் போகிறது. பைல்ஜில்லா ஒரே சமயத்தில் 2 கோப்புதான் அனுப்பும், செட்டிங்ஸில் அதை 10 வரை ஏற்றலாம். முதல் 200 ஜிபிக்கு லேப்டாப்பையும் கேபிளில் போடுங்கள். இருபுறமும் கிகாபிட் என்றால் பெரிய கோப்புகள் நொடிக்கு 100 எம்பி வரைகூடப் போகலாம், கேபிளோ ரூட்டரோ பழசாக இருந்து 100 மெகாபிட்டில் நின்றால் 12 எம்பிதான், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். லேப்டாப்பின் ஸ்லீப்பை மறக்காமல் அணைத்துவிடுங்கள்.