சுங்கை சிப்புட்டில் பழைய கார் வாங்கியாச்சு, எஞ்சின் எண்ணெய் ஒழுகுகிறது: நாமே கைவைக்கலாமா?

ஊரிலிருந்து மலேசியா வந்து, ஈப்போவுக்குப் பக்கத்திலுள்ள சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டமொன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். வாங்கிய பழைய மைவி கார் நிற்கிற இடத்தில் எண்ணெய் சொட்டுகிறதாம். ஊரில் பைக்கெல்லாம் தானே பிரித்து மாட்டியவராம். இதையும் தானே பார்க்கலாமா, பட்டறைக்குப் போனால் பில் தீட்டிவிடுவார்களா என்று பயப்படுகிறார்.

தம்பி, எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கட்டாயம் நீங்களே செய்யுங்கள். செலவு ஒன்றுமில்லை.

முதலில் அது எஞ்சின் எண்ணெய்தானா என்று பாருங்கள். இந்தப் புழுக்கத்தில் ஏசி போடாமல் யாரும் ஓட்டுவதில்லை. அதன் தண்ணீர் கீழே சொட்டுவது இயல்பு. வந்த புதிதில் பலர் அதைப் பார்த்தே பதறிவிடுகிறார்கள். சிவப்பாக வழுவழுவென்று இருந்தால் பெரும்பாலும் ஆட்டோ கியர் எண்ணெய். தண்ணீர்போல இருந்து பச்சை அல்லது ரோஜா நிறம் தெரிந்தால் ரேடியேட்டர் கூலன்ட். பழுப்பாகவோ கறுப்பாகவோ பிசுபிசுத்தால் எஞ்சின் எண்ணெய்.

அப்புறம் டிப்ஸ்டிக், அதாவது எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் முதலில் எண்ணெய் ஊற்றுங்கள். ஓட்டும்போது சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால் ‘ஈப்போ வரைக்கும் போய்ப் பார்க்கலாம்’ என்று நினைக்கவே கூடாது. ஓரங்கட்டி உடனே அணைத்துவிடுங்கள். எண்ணெய் அழுத்தம் இல்லாமல் ஓடினால் எஞ்சினே போய்விடும்.

இப்போது ஒழுகும் இடம். எண்ணெய் கீழ்நோக்கி வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே சொட்டுகிற இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எஞ்சின் ஆறியபின் எண்ணெய் படிந்த இடங்களை நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு நாள் ஓட்டிவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரியும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ, அங்கேதான் ஆரம்பம்.

பழைய கார்களில் இது பெரும்பாலும் வால்வ் கவர் கேஸ்கெட்டாக, அதாவது எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பராக இருக்கும். சூட்டில் ரப்பர் காய்ந்து இறுகிவிடும். எண்ணெய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்) விழுந்தால் கருகிய வாடை வரும். தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு என்பதால் தள்ளிப்போடாதீர்கள். ஸ்பேனர் பிடித்துப் பழகியவர் என்றால் இதை நீங்களே மாற்றலாம். போல்ட்டுகளை முறுக்குவதில்தான் பலரும் கெடுக்கிறார்கள். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக, பல சுற்றாக இறுக்க வேண்டும். பல கார்களில் இறுக்கும் விசை 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். உங்கள் காருக்கு எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். பலம் காட்டினால் கவர் விரிசல் விடும், இல்லையென்றால் கேஸ்கெட் பிதுங்கி மறுபடியும் ஒழுகும். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புது கேஸ்கெட்டையும் தாண்டி எண்ணெய் வெளியே வரும். புதுசு போட்டும் நிற்கவில்லையே என்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

காருக்கு அடியில் படுக்க வேண்டிய வேலை எதுவானாலும் வேண்டாம் என்பேன். தோட்டத்து வீட்டு முற்றம் செம்மண்; சாயங்கால மழையில் ஊறிய மண்ணில் ஜாக்கி புதைந்து சரியும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். வீட்டில் உங்களை நம்பி ஆட்கள் இருக்கிறார்கள். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒழுகினால் அது பெரும்பாலும் கிராங்க் பின்சீல், அதாவது எஞ்சினின் சுழல் தண்டுக்குப் பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் வளையம். சீல் விலை கொஞ்சம்தான், ஆனால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். டைமிங் செயினை மூடியிருக்கும் டைமிங் கவர் ஒழுகினாலும் பட்டறை வேலைதான். ஒழுகலை நிறுத்தும் மருந்தென்று விற்பதை நம்பிப் பணத்தைக் கரைக்காதீர்கள். அது ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும், அவ்வளவுதான்.

பட்டறைக்குப் பயப்பட வேண்டாம். டவுனில் இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். சாமானுக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்), கூலி எத்தனை வெள்ளி என்று தனித்தனியாகக் கேட்டு, கழற்றிய பழைய சாமானைக் காட்டச் சொல்லுங்கள். ஒழுகும் இடத்தை நீங்களே காட்டிப் பேசினால் தேவையில்லாததை மாற்றுவது குறையும். கார் இன்னும் கம்பெனி உத்தரவாதத்தில் இருந்தால் எதையும் தொடாமல் அவர்களிடமே கொண்டுபோங்கள்.

கழிவு எண்ணெயைக் கால்வாயில் ஊற்றவே ஊற்றாதீர்கள். இந்த நாட்டில் அது 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆபத்தானது என்று பட்டியலிட்ட கழிவு. மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

சீனப் புத்தாண்டு நெருங்குகிறது என்றால் அதற்கு முன்பே காரைக் காட்டிவிடுங்கள். அந்தச் சமயம் பல பட்டறைகளும் சாமான் கடைகளும் நாள்கணக்கில் பூட்டிக் கிடக்கும்.