மூன்று குடும்பம், ஒரு மீட்டர்: அரசாங்கச் சலுகை எங்களுக்கு எப்படி வரும்?

கொட்டாஞ்சேனை வாசி:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்து வீட்டில் (ஒரே வளவில் நெருக்கமாக உள்ள வீடுகளில் ஒன்று) வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமி. கணவருக்குப் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதும் வேலை. அஸ்வெசும (வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரசாங்கக் கொடுப்பனவு) கூட்டினார்கள், அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை போட்டார்கள், 2025 ஜனவரியில் கரண்ட் கட்டணத்தை 20 சதவீதம் குறைத்தார்கள், பிறகு ஜூனில் 15 சதவீதம் கூட்டினார்கள், எல்லாம் செய்தியில் பார்க்கிறேன், ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கில் ஒன்றும் இறங்கவில்லை. மூன்று குடும்பத்துக்கும் வீட்டுக்காரர் பெயரில் ஒரே மீட்டர்தான், பில்லை மூன்றாகப் பிரித்துக் கட்டுகிறோம். அஸ்வெசுமவுக்கும் விண்ணப்பித்தோம், பெயர் வரவில்லை. அதற்காக வீட்டு நிலைமை பார்க்க வந்த அதிகாரி கரண்ட் பில்லைக் கேட்டார், அது மூன்று வீட்டுப் பில் என்று சொன்னேன், அதை அவர் எழுதிக்கொண்டாரா என்று கடவுளுக்குத்தான் தெரியும். என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை வாடகை:
அக்கா, விலை இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்துக்குக் கிட்டப் போனது, 2024 செப்டம்பரில் பூச்சியத்துக்கும் கீழே வந்தது, உடனே எல்லோரும் கை தட்டினார்கள். ஏறிய வேகம்தான் நின்றது, ஏறிய விலை அப்படியே நிற்கிறது. 2023 மார்ச்சில் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) ஒப்பந்தம் கிடைத்ததே வரியைக் கூட்டி, கரண்டையும் எண்ணெயையும் அடக்க விலைக்கு விற்போம் என்ற பேச்சில்தான். 2024 ஜனவரியில் வற் வரி 18 ஆனது. 2025 ஏப்ரலில் மாதம் 150,000 வரை சம்பளத்துக்கு வரி இல்லை என்றார்கள், எனக்குக் கொஞ்சம் மிச்சம், உங்கள் வீட்டுக்காரருக்கு (கணவரைச் சொல்கிறேன்) அதில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் முன்பே 100,000க்குக் கீழே உள்ளவர் அந்த வரி கட்டவே இல்லை.

பழைய மீட்டர்காரன்:
பிள்ளை, உங்கள் பிரச்சினை அந்த மீட்டர்தான். மற்றதெல்லாம் பிறகு. மின்சாரத்தில் ஏழை வீட்டுக்கு உள்ள சலுகை முழுவதும் யூனிட் படிக்கட்டில் இருக்கிறது, 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு விலை, தாண்டினால் முதல் யூனிட்டில் இருந்தே வேறு விலை. ஒரு குடும்பம் மாதம் 55 யூனிட் எரிக்கிறது என்று வைப்போம். 2025 ஜூன் கட்டணத்தில் தனி மீட்டர் என்றால் முதல் 30க்கு 4.50 வீதம் 135, மிச்சம் 25க்கு 8 ரூபாய் வீதம் 200, நிலையான கட்டணம் 210, மொத்தம் 545 ரூபாய். அதே மூன்று குடும்பமும் ஒரே மீட்டரில் 165 யூனிட் எரித்தால் பில் 5,385, குடும்பத்துக்கு 1,795. வரி வேறு. பேனையை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள், கடைசி 45 யூனிட்டுக்கு மட்டும் யூனிட் 41 ரூபாய் போகிறது. கட்டணம் போடுகிறவர்களுக்கு மீட்டர் என்றால் ஒரு குடும்பம், கொழும்புத் தோட்டங்களை யார் நினைத்துப் பார்த்தார்கள்!

சப் மீட்டர் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஏமாற வேண்டாம். அது உங்களுக்குள் பங்கு பிரிக்கத்தான் உதவும், படிக்கட்டு மாறாது. தனி இணைப்புத்தான் வேண்டும். அதற்கு வீட்டின் உரிமையைக் கேட்பார்கள், ஆகவே வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் இல்லாமல் நடக்காது. கிராம அலுவலரிடம் வதிவிடச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். அஸ்வெசுமவுக்கும் அது உதவும், அங்கே புள்ளி போடும்போது மின்பாவனையும் ஒரு கணக்கு. அஸ்வெசுமவை நடத்தும் நலன்புரி நன்மைகள் சபைக்கு 1924 என்ற இலக்கத்தில் பேசி, பில் மூன்று குடும்பத்துக்கு உரியது என்று பதியச் சொல்லுங்கள். மாமிக்கு வயது 70 தாண்டிவிட்டதா? முதியோர் கொடுப்பனவு 2025 ஏப்ரலில் இருந்து 5,000. பிரதேச செயலகத்தில் அதைத் தனியாகக் கேளுங்கள், அஸ்வெசுமவோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

மட்டக்குளி சமையல்:
அரிசியைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு கிலோ 230 ரூபாய் என்று கட்டுப்பாட்டு விலை வந்தது, எங்கள் பக்கத்துக் கடையில் நாட்டரிசியே காணாமல் போனது, அதுதான் கதை. கூடுதலாகக் கொடுத்தால் உள்ளே இருந்து வரும், பில் மட்டும் வராது. வெளிநாட்டு அரிசிக்கு கிலோவுக்கு 65 ரூபாய் வரியை அரசாங்கமே எடுத்துக்கொண்டு மேலே கட்டுப்பாட்டு விலையும் போட்டால் எப்படி? விவசாயி பாவம் என்பார்கள், சரி, ஆனால் அந்தக் காசு விவசாயியிடமா போகிறது, ஆலைக்காரரிடமா? நான் அரசாங்கக் கடையான சதொசவில் வரிசையில் நின்றுதான் வாங்கினேன். பில் தரும் கடை கூடுதலாக எடுத்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அடியுங்கள், பில் இல்லாவிட்டால் நிரூபிக்க முடியாமல் நிற்பீர்கள்.

கொட்டாஞ்சேனை வாசி:
ஐயா, பேனையை எடுத்துப் போட்டேன், 5,385தான் வருகிறது. மூன்று வீட்டாரும் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்கள், இவ்வளவு நாளும் எதிர்வீட்டு ஐஸ்பெட்டியில்தான் குறை சொல்லிக்கொண்டு இருந்தோம். மாமிக்கு 72. நாளைக்கு அடையாள அட்டையோடு பிரதேச செயலகம் போகிறேன். வீட்டுக்காரரிடம் கேட்டோம், கடிதம் தரலாம் ஆனால் இணைப்புக் காசு நீங்கள்தான் கட்ட வேண்டும், வீட்டை விட்டுப் போகும்போது மீட்டர் எனக்கு என்கிறார். அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?