அந்தமான் புள்ளிமான்: கன்றுகளை எப்படிக் காப்பது?

கேள்வி: தெற்கு அந்தமானில் காட்டோரத் தோப்பு. நட்ட கன்றுகளின் குருத்தையெல்லாம் புள்ளிமான் கடித்துவிடுகிறது. நைலான் வலை போதுமா? காட்டுக்குள்ளும் இளங்கன்றுகள் குறைவாகத் தெரிகின்றனவே, ஏன்?

பதில்: நைலான் வேண்டாம் நண்பரே. தொய்ந்தால் கொம்பு சிக்கி மானும் சாகும், வலையும் கிழியும். 8 அடி உயரக் கம்பிவலை போடுங்கள். அடியில் வழியிருந்தால் மான் தாண்டாது, அதில்தான் நுழையும். தரையோடு இடைவெளி அரை அடிக்குள் இருக்கட்டும். மழையில் மண் அரித்த இடங்களை உடனே அடையுங்கள். மானை விரட்டத் தெளிக்கும் முட்டைக் கரைசல் அந்த ஊர் மழைக்கு நிற்காது.

பதில்: செலவு இடித்தால் கன்றுக்குக் கன்று கூண்டு. குருத்து எட்டாத உயரம் போனதும் கழற்றிவிடாதீர்கள். ஆண்மான் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரித்துவிடும். தண்டு தடிக்கட்டும்.

பதில்: காட்டைப் பற்றி: அங்கே புள்ளிமானை விட்டது ஆங்கிலேயர். புலி, சிறுத்தை, செந்நாய் எதுவுமில்லாத தீவு. பெருகாமல் என்ன செய்யும்? முளைப்பதை மேய்ந்துவிடுவதால் விழுந்த மரத்தின் இடத்துக்கு அடுத்த மரம் வருவதில்லை. உங்கள் நிலத்திலேயே சோதிக்கலாம்: 4 மீட்டர் சதுரம் ஒன்றை வேலியிட்டு, பக்கத்தில் அதே அளவைத் திறந்து விடுங்கள். 6 மாதத்துக்கொருமுறை இரண்டிலும் கன்றுகளை இனவாரியாக எண்ணுங்கள். மானைப் பிடிக்கச் சுருக்குக் கண்ணி மட்டும் வைக்காதீர்கள், சட்டப்படி குற்றம்.